உருளித் தண்ணீர்

அக்டோபர் 22, இரவு

இந்தக் காய்ச்சல் டெங்குதான். ஏழாம் மாதத்தில் வந்திருப்பதால் ரத்தப்போக்கு வரலாம், குறைப்பிரசவம்கூட ஆகலாம், பிளேட்லெட்டைத் தினமும் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். இவரும் நானும் ஆட்டோவில் மயிலாப்பூர் வீட்டுக்குத் திரும்பினோம்.

வாசலிலேயே மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "உங்கம்மா ஆத்துல போய் இருந்துட்டு வந்தியே, அந்த வடபழனிக் கொசுதான் கடிச்சிருக்கும்."

ஹாலில் அவருடைய பித்தளை உருளி. மிதக்கும் பூக்களைத் தினமும் மாற்றுவார். தண்ணீரை மட்டும் கொட்டமாட்டார், லட்சுமி போய்விடுவாளாம். குறையக் குறைய மேலே ஊற்றுவார். இன்று சாமந்தியை விலக்கிப் பார்த்தேன். உள்ளே கொசுப்புழுக்கள் நெளிந்தன.

இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அம்மாகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாதே, மனசு கஷ்டப்படும்" என்றார்.

மாமியாரிடம் ஒன்றும் சொல்லவில்லை. மக்கால் மொண்டு மொண்டு அத்தனையையும் பாத்ரூமில் கொட்டினேன்.

"ஆத்து லட்சுமியக் கொட்டிட்டாளே" என்று மாமியார் அழ ஆரம்பித்தார். இவர் இன்னும் ஹாலில் அம்மாவைச் சமாதானம் செய்துகொண்டிருக்கிறார்.

குழந்தை இன்று அசைந்ததா என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. அசைந்தது. நானாகப் போய்ச் சொல்வதாக இல்லை.