வாளியில் வந்த விருந்தாளி

பாப்பாவோட அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். நீயும் பாப்பாவும் எப்படி இருக்கீங்க? எங்க அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? இங்க நடந்த கூத்தை ஃபோன்ல சொன்னா நீ சிரிச்சே கட் பண்ணிடுவே, அதான் எழுதறேன்.

லீவு நாள்ல சுவரையே பார்த்துக்கிட்டு இருக்காதேன்னு திட்டினியே, அதனால பக்கத்து ரூம் கிரேன் ஆபரேட்டர் அண்ணனோட ஏரிக்கு மீன் பிடிக்கப் போனேன். முதல் வீச்சுலயே தூண்டில் முள் என் சட்டைக் காலரைத்தான் பிடிச்சுது. கட்டைவிரல்லயும் லேசா குத்திச்சு. ஊசி போட்டாச்சு, பயப்படாதே. "மிதவை முழுசா முங்கட்டும், அப்புறம் இழு"ன்னு அண்ணன் படிச்சுப் படிச்சு சொன்னார். மூணு மணி நேரம் கழிச்சு முங்குச்சு. உள்ளங்கை நீளத்துக்கு ஒரு மீன்!

வாளித் தண்ணியில போட்டு ரூமுக்குக் கொண்டு வந்தப்புறம்தான் உறைச்சுது, எனக்கு மீன் கழுவவே தெரியாது. அண்ணனைக் கேட்டா, "நான் பிடிக்கிறதோட சரி, உடனே விட்டுடுவேன்"னு அப்பத்தான் சொல்றார். நீ முள்ளெடுத்துத் தட்டுல வச்சதைச் சாப்பிட்டே பழகினவன், கத்தியும் கையுமா நின்னேன். அது வாயைத் திறந்து திறந்து என்னையே பார்த்துது. வாளியோட தூக்கிட்டுப் போய் ஏரியிலயே விட்டுட்டேன்.

அடுத்த வாரமும் போறேன். மீன் எப்படிக் கழுவணும்னு ஃபோன்ல பேசிப் பதிவு பண்ணி அனுப்பு. நிதானமா, நீளமா சொல்லு. நடுவுல பாப்பா வந்து ஏதாவது கேட்டா நிறுத்திடாதே. குக்கர் விசில் அடிச்சாலும் அடிக்கட்டும்.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்குது, கிளம்பறேன். மீன் மாட்டலைன்னாலும் நீ பேசி அனுப்பினதை நான் கேட்டுக்கிட்டு இருப்பேன்.

பாப்பாவோட அப்பா