கும்ப ராசிக்கு விழுந்த நட்சத்திரம்

இன்று காலை கடைக்கு ஜாதகம் எடுக்க வந்த ஒரு கல்லூரிப் பெண், தன் கைப்பேசியை என் முன்னால் நீட்டினாள். "அக்கா, தினமும் ஒரு டாரட் கார்டு வருது. இதுக்கும் நம்ம ராசிக்கும் சம்பந்தம் உண்டா?" திரையில், நட்சத்திரங்களுக்குக் கீழே மண்டியிட்டு இரண்டு குடங்களிலிருந்து நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள் ஒருத்தி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நீ.

இத்தாலியில் ஒரு முதிய பெண்மணியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய்விட்டு, அவர் சொல்லிக்கொடுத்த டாரட் சீட்டுகளோடு உன் ஊரான அக்காள்மடத்துக்குத் திரும்பி வந்தாய். கோயில் மேற்கு வாசல் பக்கம் என் கடையில் பாதி மேசை கேட்டாய். "நீ கம்ப்யூட்டர்ல கட்டம் போடு, நான் இங்கன கார்டு போடுறேன். வாரவுக ரெண்டையும் பாத்துட்டுப் போகட்டும்." கோயிலுக்கு வரும் வடநாட்டுக்காரர்களும் வெள்ளைக்காரர்களும் உன் பக்கம், நம்மூர்க்காரர்கள் என் பக்கம்.

ஆள் இல்லாத மத்தியானங்களில் சீட்டுகளை ராசிவாரியாகப் பரப்பி வைப்போம். சிங்கத்தின் வாயைத் தடவும் பெண்ணைச் சிம்மத்தில் வைத்தாய். "கிரேக்கத்துக்காரன் சிங்கத்தைக் கொன்னான். உங்க ஆத்தா அதுமேலயே ஏறி உக்காந்துட்டா. இவ தடவிக் குடுக்குறா. மூணு பேருல யாரு கெட்டி?" என்று கேட்டுவிட்டு நீயே சிரித்தாய். நிலவுச் சீட்டில்தான் சண்டை. சந்திரனுக்குக் கடகம்தானே சொந்த வீடு, தண்ணீரிலிருந்து நண்டும் ஏறி வருகிறதே, இதை ஏன் மீனத்தில் வைக்கிறாய் என்றேன். "நல்லாப் பாருடி. அது நண்டா? சிங்கி இறாலு. சம்சாரி வீட்டுப் பிள்ளைக்கு எங்க தெரியப் போகுது" என்றாய். முதுகுளத்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்த நான் சீட்டை மீனத்துக்கே தள்ளிவைத்தேன். குடம் ஏந்திய பெண் இருக்கும் நட்சத்திரச் சீட்டைக் கும்பத்தில் வைத்தபோது மட்டும் இருவருக்கும் ஒரே பேச்சு. நைல் நதித் தெய்வம் கையிலும் குடம், பாபிலோன் தெய்வம் கையிலும் குடம், நம் அகத்தியர் பிறந்ததும் குடத்தில். "இத்தனை ஊர்க்காரன் ஒன்னு போலச் சொல்றான்னா அதுல ஏதோ இருக்குல்ல?" என்றாய்.

அப்படி நம்பியிருந்த நாட்களில்தான் திருப்பாலைக்குடியிலிருந்து ஓர் அம்மா வந்தார். மகன் போன படகு காற்றில் கவிழ்ந்திருந்தது. மற்றவர்கள் நீந்திக் கரையேறிவிட்டார்கள், அவனை மட்டும் காணவில்லை. அவன் ராசி கும்பம். நான் கட்டத்தைப் பார்த்துத் தயங்கியபோது நீ மூன்று சீட்டுகளை எடுத்தாய். இடி விழும் கோபுரம், நிலவு, நட்சத்திரம். "இடி விழுந்துச்சு, இருட்டுல மாட்டிக்கிட்டான். கடைசியில பாருங்கம்மா, அவன் ராசியே வந்துருச்சு. வருவான்மா." அந்த அம்மா உன் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, தொண்டிக்குப் பக்கத்தில் அவன் உடல் ஒதுங்கியது.

செய்தி கேட்ட நீ சீட்டுகளைப் பெட்டியில் போட்டு மூடினாய். "எல்லா ஊர்லயும் ஒரே படம் இருந்தா, அது உண்மையாயிருமாடி?" அதற்குப்பின் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டாய். அந்த அம்மாவைப் பார்க்க இரண்டு முறை கிளம்பி, ராமநாதபுரம் பேருந்து நிலையம் வரை போய்த் திரும்பி வந்ததாக உன் தங்கை சொன்னாள். பிறகு வயிற்றில் கட்டி, மதுரை ஆஸ்பத்திரி. அங்கே நீ என்னிடம் கடைசியாகச் சொன்னதும் அவரைப் பற்றித்தான். "அந்த அம்மா மூஞ்சியப் பாக்காமயே போறேனேடி."

உன்னை அடக்கம் செய்த பிறகு வந்த ஆடி அமாவாசைக்கு, மகனுக்குத் திதி கொடுக்கப் புருஷனோடு வந்தார் அந்த அம்மா. ஈரச் சேலையோடு கடை வாசலில் நின்று, "கார்டு போடுமே, அந்தப் புள்ள எங்கன?" என்று கேட்டார். நீ போய்விட்டதைச் சொன்னேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். நீ பட்ட வேதனையையும் பாதி வழியில் திரும்பி வந்ததையும் சொன்னேன்.

"அடி கூறுகெட்ட சிறுக்கி" என்று அழுதார். "எம்புள்ள இல்லைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்த்தா. பெத்த வயிறு சொல்லாதா? அவ வருவான்னு சொன்ன பெறகுதான் நான் சோத்துல கை வச்சேன். பொய்யின்னு தெரிஞ்சேதான் கேட்டுக்கிட்டேன். எங்கிட்ட வந்திருந்தா சொல்லியிருப்பேன்ல?"

இந்த வார்த்தைகள் உனக்கு வந்தவை. ஓர் ஆடி முன்னதாக வந்திருந்தால் உன் காதில் விழுந்திருக்கும். சேர்க்க வேண்டிய இடம் இல்லாமல், நான் சுமந்துகொண்டிருக்கிறேன்.