நான் பாடாத மறுவரி

இன்று திருக்காட்டுப்பள்ளியிலிருந்து திரும்பும்போது பேருந்தில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். நம் பாட்டு. முதல் வரி வந்ததுமே எழுந்து கண்டக்டரிடம் நிறுத்தச் சொன்னேன். "உங்க ஸ்டாப்புக்கு இன்னும் மூணு இருக்கேம்மா" என்றார். பரவாயில்லை என்று இறங்கி, வாய்க்கால் ஓரமாக நடந்தே வீட்டுக்கு வந்தேன். நீங்கள் போய் இரண்டு வருஷமாகிறது. பாட்டில் அவள் பதில் சொல்லும் இடம் வரை என்னால் இன்னும் உட்கார்ந்து கேட்க முடியவில்லை.

ஒரு காலத்தில் அது வெறும் காதல் பாட்டு. முதல் வரியில் அவன் அவளைத் தேடிக் கூப்பிடுவான். மறுவரியில் அவள், இங்கேதான் இருக்கிறேன் என்பாள். நீங்கள் என்னைப் பெண் பார்க்க வந்த அன்று பக்கத்து வீட்டு ரேடியோவில் அது ஓடியதாம். கல்யாணமாகி வெகுநாள் கழித்துத்தான் சொன்னீர்கள். "உங்கப்பா ஏதேதோ கேட்டாரு. நான் பாட்டைக் கேட்டுக்கிட்டே தலையாட்டுனேன். எதுக்கெல்லாம் ஒத்துக்கிட்டேன்னு இன்னும் தெரியல." குளிக்கும்போது சுருதி சேராமல் அதையே பாடுவீர்கள். "போதும், டேங்க்ல தண்ணி தீரப்போவுது" என்பேன் நான்.

ஆனி மாதம் வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் மடை திறக்கப் போனீர்கள். போன இடத்தில் பக்கவாதம் வந்து விழுந்தீர்கள். காலுக்கு மெல்லத் தெம்பு திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. டீக்கடையில் உட்கார்ந்தால் ஊரையே பேசவைக்கும் உங்களிடம் 'இல்ல' என்ற ஒரு சொல்தான் மிஞ்சியது. சோறு வேண்டும் என்றாலும் 'இல்ல'. என் முகத்தைப் பார்த்து, என் பெயரைத் தேடி, உதடு துடித்து, கடைசியில் அதற்கும் 'இல்ல'. சொல்லிவிட்டு நீங்கள் அழுவீர்கள். நான் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொள்வேன்.

தஞ்சாவூர் டாக்டர்தான், "பேச்சு போனவங்களுக்கும் சில சமயம் பாட்டு தங்கியிருக்கும்மா. தெரிஞ்ச பாட்டாப் பாடிப் பாருங்க" என்றார். எனக்குக் கூச்சம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குச் சவரம் செய்துகொண்டே நம் பாட்டை மெதுவாகத் தொடங்கினேன். பாதி வரியில் என் குரலோடு உங்கள் குரலும் சேர்ந்தது. ஒரு சொல் சிதறவில்லை. நம் மகள் சுமதி உள்ளிருந்து ஓடிவந்து, "அப்பாவா பாடுறாங்க?" என்று கேட்டாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். நீங்கள் முகமெல்லாம் சோப்பு நுரையோடு சிரித்தீர்கள்.

அன்றிலிருந்து அந்த முதல் வரியே உங்கள் பேச்சு. பசித்தாலும் வலித்தாலும் பயம் வந்தாலும் அதைத்தான் பாடுவீர்கள். எங்கிருந்தாலும் நான் மறுவரியைப் பாடிக்கொண்டே வருவேன். சில நாள் ஒன்றுமே வேண்டியிருக்காது. நான் வந்ததைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வீர்கள். மாதங்கள் போகப் போக எனக்குச் சலித்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

மாசியில் ஒரு காலை, அறுவடை மெஷின் வாசலில் வந்து நின்றது. எந்த வயலில் தொடங்குவது என்று டிரைவர் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து உங்கள் வரி வந்தது. அன்று அது எத்தனையாவது முறையோ. "இருங்க, வரேன்" என்றேன். பாடவில்லை, எரிச்சலோடு சொன்னேன். மறுபடி பாடினீர்கள். அவன் அவளைச் செல்லமாக அழைக்கும் சொல் வரவேண்டிய இடத்தில் 'வசந்தா' என்று வந்தது. எட்டு மாதமாக வராத என் பெயர். ஓடி வருவதற்குள் உங்கள் தலை சாய்ந்துவிட்டது. கை இன்னும் சூடாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மறுவரியைப் பாட வாயைத் திறந்தேன். வரவில்லை.

"நீ பக்கத்துலயே இருந்திருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதும்மா" என்கிறாள் சுமதி. டாக்டரும் அதையேதான் சொன்னார். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஏதாவது செய்யச் சொல்லியா கூப்பிட்டீர்கள்? இருக்கிறேனா என்றுதானே கேட்டீர்கள்.

நீங்கள் என் பெயரைப் பாடியதை நான் சுமதியிடம் சொல்லவில்லை. பிரமை என்பாள். சில மதியங்களில் உங்கள் அறையிலிருந்து அந்த வரி மறுபடி கேட்கிறது. போய்ப் பார்க்கிறேன். கட்டில்தான் இருக்கிறது.

இப்போதெல்லாம் வீட்டில் யார் கூப்பிட்டாலும் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு எழுந்துவிடுகிறேன். நேற்று பாதி களைந்த அரிசியை விட்டுவிட்டு ஈரக்கையோடு ஓடினேன். "சும்மாதாம்மா கூப்பிட்டேன்" என்றாள் சுமதி. சரி என்று அவள் பக்கத்தில் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.