ஆவியாக வந்த அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

செத்துப்போன தம்பியோடு பேச வாராவாரம் ஆவியை வரவழைக்கிற ஒருத்தியிடம் போகிறாயாம், அக்கா சொன்னாள். இங்கேயும் அப்படி ஓர் ஆசாமி இருக்கிறார். லாண்டரி வேலை முடிந்ததும் அவரிடம் போய், "எங்கம்மா செத்துட்டாங்க, பேசணும்" என்று புளுகினேன். கோபித்துக்கொள்ளாதே.

கண்ணை மூடி, குரலை இழுத்து, "கண்ணு, சாப்டியா? ஏன்டா இப்படி இளைச்சுட்ட?" என்றார்.

உயிரோடிருக்கிற உன்னையே ஆவியாக வரவழைத்த படுபாவி! சிரிக்கத்தான் போனேன். "இன்னும் சாப்பிடலம்மா" என்று அழுதுவிட்டேன். பொய்யென்று தெரிந்த எனக்கே இந்தக் கதி என்றால், நம்பிப் போகிற உன்னை அவள் என்ன பாடு படுத்துவாள்?

இனி அங்கே போகாதே. சட்டை அனுப்பினால் ஒரு சைஸ் குறைத்து அனுப்பு. வேலைக்குக் கூட்டிப்போகிற வேன் ஹாரன் அடிக்கிறது. அவளிடம் போகிற நேரத்தில் எனக்குப் போன் போடு. சாப்பிட்டாயா என்று நீயே கேள்.

உன் மூத்தவன்