முடிச்சு தெரியும்படி ஒரு படம்

ஹேடக் கோவ்,
நியூஃபவுண்ட்லாந்து.
அக்டோபர் 9, 1991

அன்புள்ள பேரன் டெரெக்குக்கு,

உன் பாட்டி எஃபி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். கால்கரியில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? உப்பு மீனும் பார்ட்ரிட்ஜ்பெரி ஜாமும் பொதி கட்டி வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு ஷீலா நாளைக்குத் தபாலில் போடுவாள். நான் ஐந்தாவதோடு நின்றவள், எழுத்து கோணலாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு வரியையும் விடாமல் படி.

உன் கடிதமும் படமும் வந்தன. மற்றவர்கள் மெஷினால் ஆணி அடிக்க, நீ மட்டும் கூரையில் ஓடு மாதிரி வேய்கிற ஒவ்வொரு தார் ஷிங்கிளுக்கும் சுத்தியலால் ஆறு ஆணி அடிக்கிறாய், அதனால் சரிவான கூரைகளை முதலாளி உனக்கே தருகிறார் என்று எழுதியிருந்தாய். படத்தைத் தூக்கிக்கொண்டு நாலு வீடு போய்விட்டேன். "எம் பேரன் அடிச்ச ஆணிய எந்தக் காத்தும் புடுங்காது, பாத்துக்கோங்க" என்று சொல்லிக்கொண்டே போனேன். ஷீலாதான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "ஏன் எஃபி அக்கா, கயிறு எங்க?" என்றாள்.

அப்புறம்தான் பார்த்தேன். கயிறு முகட்டில் சுருட்டினபடி கிடக்கிறது. நீ கீழ் விளிம்பில் மண்டி போட்டு, வாயில் ஆணியோடு சிரிக்கிறாய். படத்தைத் திருப்பினால் உன் கையெழுத்து: "பாருங்க பாட்டி, அவுத்து விட்ட ஆடு!"

அந்தப் பேச்சு என் வாயிலிருந்து வந்தது. போன கோடையில் நம் வீட்டுக் கூரைக்கு ஷிங்கிள் மாற்ற ஏறும்போது நீ இடுப்பில் கயிறு கட்டினாய். வேலியோரம் நின்றவர்களுக்குக் கேட்கும்படி, "உங்க தாத்தா இந்தக் கூரையில சும்மா ஏறி ஓடுவாருடா. நீ என்ன, கட்டிப் போட்ட ஆடு மாதிரி?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்துக்கொண்டே அவிழ்த்தாய்.

டெரெக், அது பொய். உன் தாத்தா அசரையா இருபத்தாறு வருஷம் கயிறில்லாமல் இந்தக் கூரையில் ஏறியதே இல்லை. ஒரு முனை புகைபோக்கியில், மறு முனை இடுப்பில். இடுப்பு முடிச்சைப் போடுவது நான். இழுத்துப் பார்த்து, முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "போங்க" என்றால்தான் ஏணியில் கால் வைப்பார்.

ஒரு நவம்பர் காலை. காற்றில் ஒரே ஒரு ஷிங்கிள் கிளம்பியிருந்தது. நான் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். முடிச்சுப் போடக் கூப்பிட்டார். "மாவுக் கை, கொஞ்சம் பொறுங்க" என்றேன். "ஆறு ஆணிக்கு எவன்டி கயிறு கட்டுவான்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஷிங்கிள் மேல் உறைபனி பூத்திருந்ததை அவர் பார்க்கவில்லை. உள்ளேயிருந்து நாலு ஆணிச் சத்தம் எண்ணினேன். ஐந்தாவது வரவில்லை.

அவரை உள்ளே தூக்கி வந்தது நானும் அவர் தம்பி ஹெட்லியும். இரண்டு நாள் கிடந்தார். "கூரையிலருந்து விழுந்தேன்னு ஊர்ல சொல்லிடாத எஃபி. விறகுக் குவியல்கிட்ட ஐஸ்ல வழுக்கிட்டேன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார். ஊரில் பாதிக் கூரை அவர் கை பட்டது. அந்தப் பெயர் போய்விடுமே என்று அவருக்கு. எனக்கும்தான். இத்தனை வருஷம் அப்படியே சொன்னேன். உன் அப்பாவுக்கும் தெரியாது. அந்தப் பெயரைக் காப்பாற்றப் போய் உன் கயிற்றை அவிழ்த்துவிட்டேன்.

இன்று காலை வேலிக் கம்பியில் உறைபனி. உங்கள் பக்கம் இதற்கு முன்னாலேயே விழும் என்கிறார்கள். சுத்தியல் சத்தம் எங்கே கேட்டாலும் எண்ண ஆரம்பித்துவிடுகிறேன். நேற்று ஹெட்லி கோழிக்கூட்டுக்கு நாலு ஆணி அடித்து நிறுத்தினார். கையில் மாவோடு வெளியே ஓடினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆணி தீந்து போச்சு மதினி, அவ்வளவுதான்" என்றார்.

இந்தக் கடிதத்தை உன்னோடு வேலை செய்கிறவர்களுக்கும் படித்துக் காட்டு. ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். தாத்தாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

எனக்கு இன்னொரு படம் அனுப்பு கண்ணு. முகம் வேண்டாம், திரும்பி நில். இடுப்பில் முடிச்சு தெரிந்தால் போதும்.

உன் முதுகில் தட்ட அங்கே இல்லாத,
பாட்டி எஃபி