கடைசி பெஞ்சில் வேணி

காய்ச்சலால் பள்ளிக்கூடம் நின்றுபோன மகள் விஜயஸ்ரீயைத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குச் சேர்க்கப் போன வேணி, தானும் சேர்ந்துவிட்டாள். "நீயும் ஞாயித்துக்கிழமை வகுப்புக்கு வந்தா நான் வரல" என்று மகள் அழுதாள். ஞாயிறு காலை மகள் எழுவதற்குள் வேணி எழுதி வைத்துவிட்டுக் கிளம்பினாள்:

"விஜி, இட்லி சட்டியில இருக்கு. சாவிய எதுத்த வீட்டு அத்தைகிட்ட குடு. நான் முந்தின பஸ்ல பாளையங்கோட்டைக்குப் போயிருதேன். கடைசி பெஞ்சுலதான் இருப்பேன். உனக்குச் சொல்லிக்குடுக்கேன்னு புஸ்தகத்தைத் தொறந்தவ, இப்ப உங்கிட்டயே சந்தேகம் கேக்கேன். நான் ஃபெயிலானாலும் உனக்குக் கேவலமில்ல, என் இனிஷியல் வேற."

அடியில் நுணுக்கி: "சார் என்னை எழுப்பிக் கேள்வி கேட்டா சிரிச்சிராத."

வகுப்பு தொடங்கிய பிறகு விஜயஸ்ரீ வந்தாள். நேரே கடைசி பெஞ்சுக்குப் போனாள்.

"தள்ளி இரும்மா" என்றாள்.