தைக்கக் கூடாத வலை

அண்ணி,

என் விரல்களில், வலைக்கு ஏற்றும் ஆவாரம்பட்டைச் சாயத்தின் வாசனை இன்னும் இருக்கிறது. சோப்புப் போட்டும் போகவில்லை. காலையில் உங்கள் வலையைத் தொட்டேன். தொட்டேன் என்று சொல்வது குறைச்சல், அறுத்துவிட்டு வந்தேன்.

நம் கொள்ளிடக்கரைத் தெருவில் மீனவர் சங்கத்தின் பின்னறையை மியூசியம் ஆக்கியிருக்கிறார்கள். பழைய பரிசல், துடுப்பு, மீன் கூடைகள் எல்லாம் இருக்கின்றன. பாலக்கரையிலிருந்துகூட ஆட்கள் வந்து பார்க்கிறார்கள். நம் வீட்டு வீச்சுவலையை நான்தான் நம்பிக் கொடுத்தேன். இன்று போய்ப் பார்த்தால், அதில் ஒரு முழத்துக்கு நீங்கள் வெட்டிய கிழிசலைக் காணோம். புது நூல் போட்டுத் தைத்துவிட்டார்கள். பெருவெள்ளத்தில் ஓர் உயிரைக் காப்பாற்ற அண்ணன் வீசிய வலை என்று கீழே அட்டை தொங்குகிறது.

அந்த உயிர் நான். அண்ணன் அன்று ஊரிலேயே இல்லை. கருவாடு விற்க மண்ணச்சநல்லூர் போனவர் வெள்ளத்தால் அக்கரையில் மாட்டிக்கொண்டார். பரிசலைக் கட்டப்போன என்னைத் தண்ணீர் இழுத்தது. கூரைமேல் நின்ற நீங்கள் வலையை வீசினீர்கள். பெண் கை பட்டால் மீன் விழாது என்று, உங்களை வலைப்பக்கமே அண்டவிடாத வீடு நம் வீடு. எங்கே கற்றீர்கள் என்று பிறகு கேட்டேன். "இருபது வருஷமா பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன், தம்பி?" என்றீர்கள்.

கூரையோரம் இழுத்துவிட்டீர்கள். ஆனால் வலை என் கழுத்தை இறுக்கியது, மூச்சு நின்றது. இடுப்பிலிருந்த மீன் கத்தியால் கிழித்து என் தலையை வெளியே எடுத்தீர்கள்.

அண்ணன் திரும்பிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அப்புறம் வலையைப் பார்த்து, "தைச்சு வை" என்றார். ஓட்டை வலையை மாட்டிவைப்பது நம் தெருவில் வழக்கமில்லை. நீங்கள் தைக்கவுமில்லை, யாரையும் தைக்க விடவுமில்லை. "தைச்சிட்டா நான் வீசவே இல்லைன்னு ஆயிடும்" என்றீர்கள். நீங்கள் கண்மூடும்வரை அது கிழிந்தபடிதான் தொங்கியது.

சங்கச் செயலாளரிடம் சண்டைக்குப் போனேன்.

"ஓட்டை வலையை மாட்டினா வர்றவங்க நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க, பெரியப்பா?"

"சரி, அண்ணன் பேரு எதுக்கு?"

"பொம்பளை வலை வீசினான்னு எழுதினா ஆத்தங்கரையே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். அவங்க வீசலைன்னா எனக்குக் கருமாதி சோறு தின்னிருப்பீங்க."

கத்தியை எடுத்தேன். அவர் பதறினார்.

"ஐயையோ, அது மியூசியம் பொருளுங்க!"

"அதுல மாட்டுன மீனே நான்தான்யா. தள்ளு."

புது நூலை மட்டும் அறுத்தேன். பழைய கண்ணி ஒன்றுகூடக் கெடவில்லை. அட்டையைத் திருப்பி, கடைப் பலகைகளைப் பார்த்து நானாகக் கற்ற எழுத்தில் உங்கள் பெயரை எழுதினேன். இதை வீசியதும் வெட்டியதும் இவர், பிழைத்தவன் நான் என்று கீழே எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டு என்னைச் சங்கத்திலிருந்து நீக்கப்போகிறார்களாம். நீக்கட்டும். மன்னிப்புக் கேட்க மாட்டேன். மறுபடி தைத்தால் மறுபடி அறுப்பேன். உங்கள் மீன் கத்தியைச் சாணை பிடித்து இடுப்பில் செருகியிருக்கிறேன், அண்ணி.